மலைக்கோழி

அது கோழி இல்லை.
இறகில்லை, கொண்டையில்லை,
விடியலோடு ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை.
தவளைக்கு அந்தப் பெயரை வைத்தது
எங்கள் தீவின் நாக்கு.
கண்ணைக் கேட்டிருந்தால் வேறு சொல்லியிருக்கும்.

வீட்டில் நாங்கள் க்ரப்போ என்போம்.
மலைக்கோழி என்பது ஓட்டல் பலகைக்கு.

சுதந்திர தினத்தன்று டொமினிக்கா முழுக்க
அது பொரிகிற வாசனை.
ஒர்த்தன்ஸ் பூண்டும் எலுமிச்சையும் தேய்த்து
எண்ணெயில் இறக்கினால்
தெருமுனையில் பாதிரியாரின் நடை தயங்கும்.
நாட்டின் சின்னத்திலும் அதையே உட்கார வைத்தோம்.
கேடயத்தில் ஒன்று, தட்டில் இரண்டு.
யாருக்கும் அதில் ஒரு முரணும் தெரியவில்லை.
எனக்கும்தான்.

மழை விட்ட இரவுகளில்
நானும் ஃபெலிசியனும் சாக்கோடு ஏறுவோம்.
வாயருகே கை குவித்து
ஆண் தவளை மாதிரிக் கூப்பிடுவேன்:
ஊப். ஊப். ஊப்.
யாரடா என் எல்லையில் என்று
ஒன்று சண்டைக்கு வரும்.
வந்தது வந்ததுதான்.
பெண்ணைப் பிடிக்க அந்த வித்தைகூட வேண்டாம்.
குழிவாயில் அசையாமல் இருக்கும்.
மந்தம் என்று நினைத்தோம்.

பிறகு ஒரு வருஷம்
ஓடைக்கரையெங்கும் கிடந்தன,
கால் நீட்டி, தோல் உரிந்து,
யாரும் வேட்டையாடாமலே.
பூஞ்சை என்றார்கள்.
தோலால் மூச்சு விடுகிற உயிரைத்
தோலிலேயே பிடித்துவிட்டதாம்.
சாக்கு மடித்தபடியே மக்கியது.
ஃபெலிசியன் குவாதலூப்பில் சிமெண்ட் சுமக்கப் போனான்.
போகும்போது அவன் சட்டைப்பையில்,
பாஸ்போர்ட் அட்டைமேல்,
பொன்னிறத்தில் ஒன்று கூடவே போனது.

இப்போது காட்டிலாகா எனக்குச் சம்பளம் தருகிறது,
கேட்பதற்கு.
பிடித்த காதுதான் கண்டுபிடிக்கும் என்று
யாரோ அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.
காட்டுக்குள் நுழையுமுன்
பிளீச்சிங் தண்ணீரில் பூட்ஸை முக்க வேண்டும்.
கோயில் வாசலில் விரல் நனைத்துப் பழகியவனுக்கு
இங்கே பாதம்.

லேபிலிருந்து வருகிற ஜெர்வேஸ்
என் மகள் வயதுகூட இராது.
ஒருநாள் ரொட்டி தின்றபடி சொன்னாள்:
குழிக்குள் நுரைக்கூடு,
நுரைக்குள் தலைப்பிரட்டைகள்.
தாய் திரும்பத் திரும்பப் போய்
கருவில்லா முட்டைகளை
அவற்றுக்கு உணவாய் இடுகிறது,
வாரக்கணக்கில்.
அதனால்தான் நகராது.

ரொட்டி என் தொண்டையில் நின்றது.
முப்பது வருஷம்
நாங்கள் அறிந்திருந்தது கால்களை மட்டும்.

இரவுக்கு ஒரு தாள்.
தேதி, ஓடை, மழை, எண்ணிக்கை.
கொலிஹோவுக்கு மேலே
மூன்று பருவமாய் ஒரே எண்
எழுதுகிறேன்.
பூஜ்யம் போட்டுப் போட்டு
பென்சில் அதற்கென்றே தேய்ந்துவிட்டது.

போன செவ்வாய் ஜெர்வேஸுக்குக் காய்ச்சல்.
தனியாக ஏறினேன்.
விதிப்படி மூன்று தடவை கூப்பிட வேண்டும்.
கை குவித்தேன்.
ஊப்.
மரத்தவளைகளும் பூச்சிகளும்
தங்கள் பாட்டுக்கு.
ஊப்.
வாழைச் சருகில் சொட்டும் தண்ணீர்.
மூன்றாவதை நான் முடிக்கவில்லை.

மேட்டிலிருந்து ஒன்று,
கரகரப்பாய், நெடுநாள் பேசாதவன் குரலில்,
யாரடா என்றது.

உண்மையைச் சொல்கிறேன்.
முதலில் வந்தது கண்ணீர் இல்லை.
வாயில் எச்சில் ஊறியது.
பூண்டு, எலுமிச்சை, ஒர்த்தன்ஸின் இரும்புச் சட்டி,
எல்லாம் நாக்கடியில் எழுந்து வந்தன.
சட்டம் கைக்குத்தான்.
எச்சிலுக்கு யார் போட?

விழுங்கினேன்.
டார்ச்சை அணைத்தேன்.
அது மறுபடி கேட்டது, இன்னும் பக்கத்தில்,
சண்டைக்குத் தயாராய்.
பதில் சொன்னால் வரும்.
பாவம், அதன் மலையில்
சண்டை போடக்கூட வேறு ஆள் இல்லை.

நான் சொல்லவில்லை.
இருட்டில் தாளைத் தடவி
ஒன்று என்று எழுதினேன்.
நனைந்த தாளில் பென்சில் பதியவில்லை.
மறுபடி எழுதினேன்,
கிழியும்வரை.